சர்க்கரை வாங்கிய வாக்குமூலம்

இன்ஸ்பெக்டருக்கு நிலையத்தில் இருந்தவர்கள் வைத்த பெயர் சர்க்கரை. முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் சர்க்கரை. டாக்டரும் அவருடைய மருந்துச் சீட்டில் அதையேதான் எழுதியிருந்தார் என்பது வேறு விஷயம். ஐம்பத்தாறு வயதுவரை அவர் யார்மீதும் கை வைத்ததில்லை. ஒரு கெட்ட வார்த்தை வாயில் வந்ததில்லை. எல்லாம் பேச்சுதான். எதிரே இருப்பவன் எப்பேர்ப்பட்ட கல்லுளிமங்கனாக இருந்தாலும் நாலைந்து மணி நேரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆமா சார், நான்தான்" என்று சொல்லிவிடுவான். இப்படி நாற்பத்தொரு பேர். அந்தக் கணக்கை அவரே வைத்துக்கொண்டிருந்தார் என்று சொன்னால் அவரை உங்களுக்கு ஓரளவு புரிந்துவிடும்.

நாற்பத்திரண்டாவது ஆள் ஒரு ஸ்டோர்கீப்பர். பொது மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் பதினாறு வருடமாக வேலை பார்ப்பவர். வியாழக்கிழமை பிற்பகல் அங்கே இருந்த குளிரறைக்குப் போகும் மின்சாரம் நின்றுபோய், குழந்தைகளுக்குப் போட வேண்டிய பன்னிரண்டாயிரம் டோஸ் தடுப்பூசி மருந்து வீணாய்ப் போயிற்று. வெள்ளிக்கிழமை சர்க்கரை போய்ப் பார்த்தார். குளிரறை வாசலில் ஒரு கருவி. அதில் தட்டு அளவுக்கு வட்டமான ஒரு தாள் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு பேனா முள் உள்ளே இருக்கும் சூட்டைக் கோடாக வரைந்துகொண்டே போகும். மணி நாலு பத்து என்ற இடத்தில் கோடு மேலே கிளம்பியிருந்தது. சுவரில் இருந்த மின்பெட்டியில் குளிரறைக்கான பிரேக்கர் அணைந்திருந்தது. நாலு மணிக்குமேல் கிடங்கில் ஸ்டோர்கீப்பரைத் தவிர வேறு ஆளில்லை. போன மாதம் மருத்துவமனை மேலதிகாரியோடு அவருக்கு வாய்த் தகராறும் இருந்திருக்கிறது. போதாதா? சனிக்கிழமை ஆறு மணி நேரம் பேசினார். ஆள் கரைந்தார். கையெழுத்தும் போட்டார். திங்கள் மாலை ஐந்து மணிக்குக் குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

திங்கள் காலை சர்க்கரை அந்தக் கோப்பைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தது மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்பது இரண்டு வருடங்களுக்கு முன் மேலிடத்திலிருந்து அனுப்பி வைக்கப்பட்ட துப்பறியும் ரோபோ. வந்த நாளிலிருந்து அதற்குத் தனி நாற்காலி, தனி மின்விசிறி. யாரும் அதை ஒரு வேலையும் ஏவுவதில்லை. அது பாட்டுக்கு உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் வேறென்ன பெயர் வைப்பார்கள்? விசாரணை நடக்கும் அறையில் ஒரு ரோபோ இருந்து ஒவ்வொரு சொல்லையும் பதிவு செய்ய வேண்டும் என்பது புதுச் சட்டம். அங்கே அது வாய் திறக்கக் கூடாது என்பது சர்க்கரை போட்ட சட்டம்.

ரோபோ துப்பறியும் கதை என்றால் அவருக்கு இளம் வயதில் உயிர். பழைய புத்தகக் கடைகளில் குவியலைக் கிளறிக் கிளறி வாங்கிப் படித்திருக்கிறார். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே சங்கதிதான்: ஒரு மனிதத் துப்பறிவாளர், அவருக்கு ஜோடியாக ஒரு இயந்திரம். இயந்திரம் தடயத்தை எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத் திருதிருவென விழிக்கும். கடைசிப் பக்கத்தில் மனிதர் வந்து, மனித மனம் என்ற ஒன்று இருக்கிறதே தம்பி என்று முடிச்சை அவிழ்ப்பார். மாப்பிள்ளை வந்த அன்றே சர்க்கரை தீர்மானித்துவிட்டார், இந்தக் கதையில் மனம் தன்னுடைய இலாகா என்று.

"சார், ஒரு பத்து நிமிஷம் கிடைக்குமா?"

"உனக்கு இல்லாததா? உக்காரு மாப்ளே."

அது உட்காரவில்லை. "ஸ்டோர்கீப்பர் வாக்குமூலத்தைப் பத்தி. அதுல ரெண்டு தப்பு இருக்கு."

"எழுத்துப் பிழையா?"

"இல்ல சார். நாலு பத்துக்குப் பிரேக்கர் கைப்பிடியைக் கீழ வரைக்கும் இழுத்தேன்னு சொல்லியிருக்காரு. நடந்தது மூணு பத்துக்கு. கைப்பிடியை யாரும் இழுக்கல."

சர்க்கரை சிரித்தார். மாப்பிள்ளை எதற்கும் சிரிக்காது என்று தெரிந்திருந்தும் சிரித்தார். அது இரண்டு படங்களை மேசைமேல் வைத்தது. முதலாவது மின்பெட்டி. அவருடைய கான்ஸ்டபிள் வெள்ளிக்கிழமை எடுத்ததுதான். வரிசையாக எல்லாக் கைப்பிடியும் மேலே நிற்க, ஒன்று மட்டும் நடுவில் நின்றது.

"கையால அணைச்சா அடி வரைக்கும் வந்துடும் சார். ஏதாவது கோளாறு வந்து தானா விழுந்தாத்தான் இப்படி நடுவுல நிக்கும். கம்ப்ரஸர் ஒயர்ல ஒரு இடத்துல தீஞ்சு போயிருக்கு. எலக்ட்ரீஷியன நேத்து கூட்டிட்டுப் போய்ப் பாத்தேன்."

இரண்டாவது படம் அந்த வட்டத்தாள். கோப்பில் இருந்த நகலில் கோடு கிளம்பும் பகுதி மட்டும் பெரிதாக்கப்பட்டிருந்தது. அப்படி வெட்டி எடுக்கச் சொன்னவர் சர்க்கரைதான். இது முழுத்தாள். நடுவில், பென்சிலில், பொடி எழுத்தில்: ஒரு மணி முன்னால் ஓடுகிறது.

சர்க்கரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். எழுத்து அங்கேயே இருந்தது.

"மூணு பத்துக்கு அவரு வெளிவாசல்ல லாரியில இருந்து பெட்டி எண்ணி இறக்கிட்டு இருந்தாரு. கேட் நோட்டுல மூணு அஞ்சுல இருந்து மூணரை வரைக்கும் கையெழுத்து இருக்கு. டிரைவர்கிட்டயும் கேட்டுட்டேன்."

"அப்போ அவன் ஏன் நாலு பத்துன்னு சொன்னான்?" ஆளை அவன் இவன் என்று பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. வாய் தவறிவிட்டது.

"அதான் சார் கேள்வி. தாளைத் தப்பாப் படிச்சது உலகத்துலயே ஒரே ஆளு. கைப்பிடி கீழ இருந்துச்சுன்னு நினைச்சதும் அதே ஆளு. உங்க தப்பு ரெண்டும் அப்படியே அவரு வாயில இருந்து வருது. செஞ்சவரா இருந்தா எப்ப செஞ்சோம்னு அவருக்கே தெரிஞ்சிருக்கும், உங்க தப்பு வந்திருக்காது."

பிறகு அது பதிவை எடுத்துப் படித்தது. ஏற்ற இறக்கமில்லாத குரலில், சர்க்கரையின் தேன் சொட்டும் வார்த்தைகளை. "நாலு பத்து இருக்குமா?" என்று அவர் கேட்ட பிறகுதான் அந்த மனிதர் நாலு பத்து என்றார். "வலது கையா?" என்ற பிறகு வலது கை. "கோவத்துல ஒரு நிமிஷம் புத்தி கெட்டுப் போச்சு, அவ்வளவுதானே?" என்ற பிறகு, கோவத்துல புத்தி கெட்டுப் போச்சு. வாக்குமூலத்தில் முப்பத்தெட்டு விவரங்கள் இருந்தன. முப்பத்தெட்டும் முதலில் வந்தது இன்ஸ்பெக்டரின் வாயிலிருந்து.

"அவரா சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணுதான் சார். ரெண்டாவது மணி நேரத்துல. 'சார், அந்த அலாரத்துல...'ன்னு ஆரம்பிச்சாரு. நீங்க, 'அலாரத்தை விடுங்க, கைப்பிடிக்கு வாங்க'ன்னீங்க."

"நீ அங்கதானே இருந்தே? அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"ரூம்ல பேசக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருக்கீங்க சார். வெளிய வந்ததும் சனிக்கிழமையே சொல்ல வந்தேன். 'நாளான்னைக்குப் பாப்போம் மாப்ளே'ன்னு தட்டிக் குடுத்துட்டுப் போயிட்டீங்க."

உண்மைதான். தட்டிக் கொடுத்ததுகூட நினைவிருந்தது. அந்தத் தோள் தகடு வெயிலில் சுட்டது.

இயந்திரம் சொன்னதை நம்பிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. தானே ஜீப்பை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனார். எங்காவது ஒரு ஓட்டை இருக்காதா என்ற நப்பாசை. அதற்காகவே பின்னால் அவர் ரொம்பக் கூசிப்போனார்: ஒரு மனிதர் நிரபராதியாக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு போயிருக்கிறார்.

கிடங்கில் உதவிக்கு இருந்த அம்மாள் அட்டைப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். கேட்டதற்குப் பேசாமல் ஆணியில் குத்தி வைத்திருந்த பழைய வட்டத்தாள்களை மொத்தமாக இறக்கிக் கொடுத்தார். வாரம் ஒரு தாள். பாதிக்கு மேல் பென்சில் எழுத்து. கால் மணி பின்னால். இரண்டு மணி முன்னால். சரியாக ஓடுகிறது.

"தாளைப் போட்டு முள்ளு பட்டுடுச்சுன்னா அப்புறம் நகத்தக் கூடாது சார், கோடு இழுத்துக்கும், தாளு வீணாயிடும். அதனால எவ்வளவு தள்ளியிருக்குன்னு நடுவுல எழுதி வெச்சுருவோம். ஸ்டோர்கீப்பர் அண்ணன் கையெழுத்துதான் எல்லாம்."

"இத ஏம்மா யாரும் எங்ககிட்ட சொல்லல?"

"நீங்க யாரும் கேக்கலையே சார். அண்ணன்தான்னு சொல்லிட்டுத்தான் உள்ளயே வந்தீங்க."

அலாரம் குளிரறைக் கதவுக்கு மேலே இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். அதன் வாயில் மடித்து அடைத்த ஒரு துணி. கதவைத் திறக்கும்போதெல்லாம் காது கிழியக் கத்துகிறதென்று மூன்று மாதத்துக்கு முன் அண்ணன்தான் அடைத்தார் என்றார் அந்த அம்மாள். அடைத்ததை எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டு வரவேற்றிருக்கிறார்கள். துணி இல்லாதிருந்தால் மூன்று பத்துக்கே ஊர் கூடியிருக்கும். மருந்தில் முக்கால்வாசி பிழைத்திருக்கும். அந்த மனிதர் சொல்ல வந்த குற்றம் இதுதான். உண்மையான ஒரு குற்றத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தவரிடம் அதை வாங்காமல், தன் சட்டைப் பையிலிருந்து வேறொன்றை எடுத்துத் திணித்து அனுப்பியிருக்கிறார் சர்க்கரை. ஸ்டூலிலிருந்து கீழே பார்க்காமல் இறங்கப் போனார். அந்த அம்மாள் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்ததும் வெட்கமாக இருந்தது.

ஜீப்பில் உட்கார்ந்தபடியே தன் மேலதிகாரிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"சரி, இதுக்கு ஏன்யா குரல் இப்படி இருக்கு? ஆதாரம் பத்தலைன்னு ஒரு வரி எழுதி வெளிய விட்டுடு. முடிஞ்சுது."

"வாக்குமூலம் இருக்கே சார்?"

"அது பாட்டுக்குக் கோப்புல கெடக்கட்டும். யாரு படிக்கப் போறா? இன்னும் ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகப் போற. உன் பேரை நீயே ஏன் கெடுத்துக்கறே? அந்த மெஷினு அறிக்கைய நான் பாத்துக்கறேன்."

சர்க்கரைக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பொய் சொல்வானேன், அந்த ஒரு நிமிடம் மார்பிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரிதான் இருந்தது. ஆளையும் விட்டாயிற்று, பேரும் தப்பித்தது. நிலையத்துக்குத் திரும்பி வரும்வரை அந்த நிம்மதி அவரோடு வந்தது. வராந்தா பெஞ்சில் ஸ்டோர்கீப்பரின் மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப் பை, மாற்று உடை.

"அவரு என்கூடப் பேச போன் கேட்டா குடுக்காதீங்க சார். நான் பேசலன்னு சொல்லிடுங்க. இத மட்டும் குடுத்துட்டுப் போறேன்."

"ஏம்மா பேசல?"

"என்னத்தப் பேச? ஊரெல்லாம் அவரு இல்ல அவரு இல்லன்னு சண்டை போட்டேன். எங்க அண்ணன்கூட வாசல்ல நின்னு வாய்க்கு வந்தபடி திட்டிட்டுப் போனாரு, நான் விட்டுக் குடுக்கல. கடைசில அவரே கையெழுத்து போட்டுட்டாரு. பச்சப் புள்ளைங்களுக்குப் போடற மருந்து சார். பொண்ணு கேக்கறா, அப்பா ஏம்மா அப்படிப் பண்ணாருன்னு. நானும் ஏதோ கோவத்துல பண்ணிட்டாருடின்னு சொல்லி வெச்சிருக்கேன்."

கோவத்துல. அது சர்க்கரையின் சொல். அவர் ஒரு அறையில் உட்கார்ந்து சொன்ன சொல், ஊரைச் சுற்றி அந்த வீட்டுக்குள்ளும் போய்விட்டிருக்கிறது. ஆதாரம் பத்தவில்லை என்று எழுதி இந்த மனிதரை வெளியே விட்டால், செய்துவிட்டுத் தப்பித்தவன் என்ற பெயரோடுதான் அவர் அந்த வீட்டுக்குப் போவார். இந்த அம்மாள் சோறு போடுவார். முகம் பார்க்க மாட்டார். அந்தப் பெண் பெரியவளாகியும் அப்பாவைப் பற்றி யாரிடமும் பேச மாட்டாள். சர்க்கரையின் நல்ல பெயர் மட்டும் அலுங்காமல் இருக்கும். அவர் அந்த அம்மாளிடம் என்னவோ சொல்ல வாயெடுத்து, முடியாமல், பையை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஸ்டோர்கீப்பர் லாக்கப்பில் சுவரில் சாய்ந்திருந்தவர், இவரைக் கண்டதும் எழுந்து நின்றார். கைதி எழுந்து நிற்பது புதிதல்ல. ஆனால் இவர் முகத்தில் சொந்தக்காரரைப் பார்த்தது போல ஒரு சந்தோஷம் தெரிந்தது. சர்க்கரையால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"உக்காருங்க. நீங்க எதுவும் பண்ணல. பிரேக்கர் தானா விழுந்திருக்கு. மூணு பத்துக்கு. நீங்க அப்போ லாரிகிட்ட இருந்தீங்க."

சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்த சர்க்கரை அந்த மனிதர் குழம்புவதைப் பார்த்தார்.

"இல்ல சார்... எனக்கு ஞாபகம் இருக்கே. கைப்பிடி சில்லுன்னு இருந்துச்சு. இழுத்தப்போ டக்குனு சத்தம் கேட்டுச்சு."

"அது நான் சொன்னது."

"நீங்களா சார்?"

"சில்லுன்னு இருந்துச்சான்னு நான்தான் கேட்டேன்."

"ராத்திரி பூரா அதேதான் சார் கண்ணுக்குள்ள. நாம இப்படிப்பட்ட ஆளான்னு... எனக்கே என்னைப் பிடிக்கல." அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"தாள் ஒரு மணி முன்னால ஓடுதுன்னு எழுதினது நீங்கதானே? நாலு பத்துன்னு நான் சொன்னப்போ ஏங்க சொல்லல?"

"நீங்க பாத்துட்டு, கழிச்சுட்டுத்தான் சொல்றீங்கன்னு நினைச்சேன் சார். அவ்வளவு பெரிய ஆபீஸர், நடுவுல எழுதினதப் பாக்காமயா இருப்பாருன்னு." பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ தானே தவறு செய்துவிட்டது போலச் சொன்னார்: "அப்புறம் சார், நீங்க அவ்வளவு அன்பாக் கேட்டீங்க. என் புள்ளைய விசாரிச்சீங்க, அம்மாவுக்கு உடம்பு எப்படின்னு கேட்டீங்க. ஆறு மணி நேரம் எனக்காக உக்காந்திருந்தீங்க. திரும்பத் திரும்ப இல்லன்னு சொல்ல ஒரு மாதிரி கூச்சமா இருந்துச்சு."

நாலு அறை விட்டு வாக்குமூலம் வாங்கியிருந்தால்கூட இந்த அளவுக்கு அசிங்கமாக இருந்திருக்காது என்று சர்க்கரைக்குத் தோன்றியது. அடித்தவனை வெறுக்கலாம். இந்த மனிதருக்கு அந்த வழியையும் அவர் விட்டு வைக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால், இவர் பதறிப்போய், "ஐயோ, பரவால்ல சார்" என்று சொல்லிவிடுவார். அந்தப் பரவாயில்லையையும் வாங்கிக்கொண்டு போவதா? அவர் கேட்கவில்லை. பூட்டைத் திறந்துவிட்டு, "வெளிய உங்க வீட்டம்மா இருக்காங்க. கொஞ்சம் இருங்க, நான் வந்து அவங்ககிட்ட சொல்லிட்டு அனுப்பறேன். அதுக்கு முன்னாடி நான் எழுத்துல ஒண்ணு குடுக்கணும்" என்றார்.

மணி நாலு. விசாரணை அறையில் மாப்பிள்ளை தன் மூலை நாற்காலியில் இருந்தது. சர்க்கரை வழக்கமாகத் தான் உட்காரும் இடத்தைத் தாண்டிப் போய், எதிர்ப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பது வருடத்தில் அந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை. அதன் ஒரு கால் குட்டை, அசைந்தால் ஆடியது. எத்தனை பேர் இதில் ஆடிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர்கூடச் சொன்னதில்லை.

"பதிவு பண்ணு. வாக்குமூலம். இந்தத் தடவ நீ பேசலாம், நீதான் விசாரிக்கறே."

"சரி சார். என்ன நடந்துச்சு?"

சர்க்கரை வாயைத் திறந்தார். சாட்சி ஒரு தவறான புரிதலில் என்று தொடங்கினார். சாட்சி என்ற சொல்லே பொய் என்று பட்டது, நிறுத்தினார். விசாரணை நடைமுறையில் ஏற்பட்ட ஒரு சிறு என்று தொடங்கினார். அதுவும் ஆகவில்லை. மாப்பிள்ளை காத்திருந்தது. இரண்டு விளக்குக் கண்களும் கோபமில்லாமல், இரக்கமில்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. யாராவது ஒரு சொல் எடுத்துக் கொடுத்தால் போதும் என்றிருந்தது. ஆணவமா என்று கேட்டால் ஆமாம் என்றுவிடலாம். அவசரமா என்று கேட்டால் அதற்கும் ஆமாம். எது கேட்டாலும் ஆமாம் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். அப்போதுதான் அவருக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் நிலை முழுதாகத் தெரிந்தது. நாற்பத்தொரு முகங்களில் எவை தாமாகச் சொன்னவை, எவை தான் எடுத்துக் கொடுத்தவை என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றைக்கூட அவரால் பிரிக்க முடியவில்லை. அதில் ஏழு பேர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள்.

முகத்தைக் கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"நீயா ஏதாவது கேளேன் மாப்ளே."

"கேட்டா, அதையே நீங்களும் சொல்லிடுவீங்க சார்" என்றது அது.